கன்சூமர் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தால்: வீட்டு வேலை எடுத்துச் செய்பவர்களுக்கு

பெயின்ட் அடிப்பவர், ஏசி சர்வீஸ் செய்பவர், மொட்டை மாடியில் வாட்டர் புரூஃபிங் போடுபவர், மாடுலர் கிச்சன் அமைத்துத் தருபவர் என்று வீட்டு வேலை எடுத்துச் செய்யும் யாருக்கும் ஒருநாள் பதிவுத் தபாலில் அந்த உறை வரலாம். மேலே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் முத்திரை இருக்கும். உள்ளே ஒரு வாடிக்கையாளர் உங்கள் மீது கொடுத்த புகாரின் நகல். வேலை சரியில்லை, கொடுத்த பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும், மன உளைச்சலுக்கு இரண்டு லட்சம், வழக்குச் செலவுக்கு இருபத்தைந்தாயிரம் என்று கடைசிப் பக்கத்தில் கேட்டிருப்பார்.

வாங்கியதும் சிலர் வாடிக்கையாளருக்கு போன் போட்டுச் சத்தம் போடுவார்கள். சிலர் 'அறுபதாயிரம் ரூபாய் வேலைக்கெல்லாம் கோர்ட்டா, தானா போயிடும்' என்று உறையை பீரோவுக்குள் வைத்துவிடுவார்கள். இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. இந்த வழக்குகளில் வேலை மோசமாக இருந்ததால் தோற்பவர்கள் உண்டு. அதை விட வருத்தம் தருவது, வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டு, பதில் போடாததால் தோற்பவர்களின் நிலை. நுகர்வோர் எப்படிப் புகார் கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். புகாருக்கு ஆளானவர் என்ன செய்ய வேண்டும் என்பதை யாராவது எளிதாகச் சொன்னால்தான் சின்ன ஒப்பந்தக்காரர்களுக்கும் நியாயம் கிடைக்கும்.

முதலில், கன்சூமர் கோர்ட் என்று நாம் சொல்லும் அந்த ஆணையத்தைப் பற்றி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் (2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது) மாவட்ட அளவில் இயங்கும் அமைப்பு இது. சேவைக்காகக் கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் வழக்கு மாவட்ட ஆணையத்துக்கு வரும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்தாரர் கட்டணமே கட்ட வேண்டாம். இதற்கு அவர் கேட்கும் இழப்பீட்டைக் கணக்கில் எடுப்பதில்லை, உங்களிடம் கொடுத்த பணத்தைத்தான் பார்ப்பார்கள். வக்கீல் கட்டாயமில்லை. அவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நீங்கள் ஈரோட்டில் இருந்துகொண்டு கோவையில் வேலை செய்திருந்தால், கோவைக்குப் போய்த்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காசு கொடுத்து ஏமாந்த மனிதர் செலவில்லாமல் நியாயம் கேட்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் எளிதாக வழக்குப் போட முடியும் என்றால், எளிதாக உங்கள் மீதும் வழக்கு வரும் என்றுதானே பொருள்?

இது குற்ற வழக்கு அல்ல. போலீஸ் வராது. நோட்டீஸ் வந்ததாலேயே நீங்கள் தப்பு செய்தவர் என்று ஆகிவிடாது. சட்டத்தின் மொழியில் நீங்கள் எதிர்தரப்பினர், அவ்வளவுதான்.

30 நாள், அதற்கு மேல் 15 நாள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். புகாரின் நகலோடு நோட்டீஸ் உங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்து மூலமான பதிலைத் தாக்கல் செய்ய வேண்டும். தகுந்த காரணம் சொல்லி மனுப் போட்டால் ஆணையம் இன்னும் 15 நாள் வரை கூட்டித் தரலாம். அது தானாக வரும் சலுகை அல்ல, கேட்டுப் பெற வேண்டியது. 45 நாள் தாண்டினால் கதவு சாத்தப்படும். 46-ஆவது நாளில் உண்மையான காரணத்தோடு போனாலும் ஆணையத்தால் பதிலை ஏற்க முடியாது. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச் 4 அன்று இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது.

சிவில் கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா வாங்கிப் பழகியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். 'அடுத்த வாய்தாவில் போட்டுக்கலாம் சார்' என்று உங்கள் வக்கீலே சொன்னாலும், நோட்டீஸ் வாங்கிய தேதியை அவரிடம் சொல்லி, நாளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். உறையைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் உள்ள தபால் முத்திரைத் தேதி பிறகு உதவும். வாங்கிய நாளை உறை மேலேயே பேனாவில் எழுதிவையுங்கள். நோட்டீஸ் மட்டும் வந்து புகார் நகல் வரவில்லை என்றால், உடனே ஆணையத்தின் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து நகலைக் கேளுங்கள். எழுதிக் கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது பலிக்காது. வாங்க மறுத்தால் நோட்டீஸ் சேர்ந்துவிட்டதாகவே ஆணையம் அறிவிக்கும். அப்புறம் நீங்கள் இல்லாமலே, ஒருதலைப்பட்சமாக வழக்கு நடக்கும். அப்படி வந்த உத்தரவை 'எனக்குத் தெரியாமல் போய்விட்டது' என்று சொல்லி அதே மாவட்ட ஆணையத்தில் ரத்து செய்ய வைக்க முடியாது. சிவில் கோர்ட்டில் எக்ஸ்பார்ட்டி ஆனால் மறுபடி மனுப் போட்டு உள்ளே வரலாமே, அந்த வழி இங்கே இல்லை. மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போக வேண்டும். அதற்குப் பணம் கட்ட வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

புகாரைப் படிப்பது எப்படி

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். நீங்கள் வாட்டர் புரூஃபிங் வேலை எடுப்பவர். ஒரு வீட்டின் மொட்டை மாடி 850 சதுர அடி. சதுர அடிக்கு 80 ரூபாய் வீதம் 68,000 ரூபாய் பேசி, ஆகஸ்ட் 12 அன்று வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் அனுப்பினீர்கள். அட்வான்ஸ் 30,000, வேலை முடிந்ததும் 30,000 வந்தது. 8,000 பாக்கி. ஐப்பசி அடைமழையில் படுக்கையறைச் சீலிங்கின் ஓரத்தில் ஓதம் அடித்தது. வீட்டுக்காரர் கூப்பிட்டார், போய்ப் பார்த்தீர்கள். தண்ணீர் தளத்தின் வழியாக இறங்கவில்லை, கைப்பிடிச் சுவரின் வெடிப்பு வழியாகவும் மேல்மாடிக் குளியலறைக் குழாய்ப் பக்கத்திலிருந்தும் இறங்குகிறது என்று சொன்னீர்கள். 'வீடு ஒழுகாமல் செய்து தருவதாகத்தானே சொன்னீர்கள்' என்றார் அவர். வார்த்தை தடித்தது. இப்போது நோட்டீஸ்.

புகாரை முதலில் கோபமில்லாமல் ஒரு முறை முழுக்கப் படியுங்கள். அடுத்து, கையில் பென்சிலோடு ஒவ்வொரு பத்தியாகப் படித்து, ஓரத்தில் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: உண்மை, பொய், எனக்குத் தெரியாது. 'ஆகஸ்டில் வேலை ஒப்படைத்தேன்', உண்மை. 'மொத்தம் 68,000 கொடுத்தேன்', பொய், வந்தது 60,000. 'ஓதத்தால் என் தாயாருக்கு மூச்சுத் திணறல் வந்தது', எனக்குத் தெரியாது, அவர் ஆதாரம் காட்டட்டும். பதில் மனுவின் எலும்புக்கூடு இந்தப் பென்சில் குறிப்புகள்தான்.

வழக்கமாகப் பதில் மனுக்களில் ஒரு வரி இருக்கும்: 'இதில் குறிப்பாக ஒப்புக்கொள்ளப்பட்டவை தவிர, புகாரில் கண்ட மற்ற சங்கதிகள் அனைத்தும் மறுக்கப்படுகின்றன.' அந்த வரி இருக்கட்டும், தேவைதான். ஆனால் அதையே முழுப் பதிலாக நீட்டி, எல்லாம் பொய், எல்லாம் கற்பனை, பணம் பறிக்கப் போட்ட வழக்கு என்று எழுதித் தந்தால், படிக்கும் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமிருக்காது. ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்ளுங்கள். 60,000 வாங்கியதை மறைக்காமல் சொன்னவர், கைப்பிடிச் சுவர் ஒப்பந்தத்தில் இல்லை என்று சொல்லும்போது நம்பத் தோன்றும்.

மறுப்பு இப்படி இருக்கலாம்: 'புகாரின் 4-ஆம் பத்தியில், வீட்டின் எல்லா நீர்க்கசிவையும் சரிசெய்வதாக நான் ஒப்புக்கொண்டதாகச் சொல்லியிருப்பது சரியல்ல. ஆகஸ்ட் 12 அன்று நான் அனுப்பிய கொட்டேஷனில் மொட்டை மாடித் தளம் 850 சதுர அடி மட்டுமே உள்ளது. கைப்பிடிச் சுவரும் குளியலறைக் குழாய்களும் அதில் இல்லை. அந்தக் கொட்டேஷனுக்கு "ஓகே, வேலையை ஆரம்பிங்க" என்று புகார்தாரர் அதே நாளில் பதில் அனுப்பியுள்ளார். அதன் நகல் ஆவணம் 1.' பாருங்கள், திட்டு இல்லை, தேதி இருக்கிறது, காகிதம் இருக்கிறது. ஒவ்வொரு முக்கியமான மறுப்பையும் இந்த அச்சில் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மாவட்ட ஆணையத்தில் பதிலைத் தமிழிலேயே கொடுக்கலாம்.

காகிதம் எங்கே?

வீட்டு வேலைகளில் ஒப்பந்தம் என்று தனியாக ஒன்று எழுதுவது அபூர்வம். கவலைப்பட வேண்டாம். ஒப்பந்தம் போனிலேயே சிதறிக் கிடக்கும். வாட்ஸ்அப் உரையாடல், ஜிபே வரவுகள், பொருள் வாங்கிய கடை பில், கெமிக்கல் டப்பாவின் பேட்ச் எண் தெரியும் படம், வேலை நடக்கும்போது எடுத்த போட்டோ, ஆட்களுக்குக் கூலி கொடுத்த நோட்டு எல்லாமே ஆதாரம். உரையாடலை உங்களுக்குச் சாதகமான நாலு வரி மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல், முதல் 'வணக்கம் சார்' முதல் கடைசிச் செய்தி வரை முழுதாக எடுங்கள். மீதியைப் புகார்தாரர் காட்டினால் நீங்கள் மறைத்ததாக ஆகும். போனை மாற்றுவதோ பழைய செய்திகளை அழிப்பதோ வழக்கு முடியும் வரை வேண்டாம். மின்னணு ஆதாரத்தோடு, அது எந்தக் கருவியிலிருந்து எடுக்கப்பட்டது என்று பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றும் இணைப்பது நல்லது. உங்கள் வக்கீலுக்கு அதன் படிவம் தெரியும்.

இந்த உதாரணத்தில் எல்லாவற்றையும் விட வலிமையான காகிதம் எது தெரியுமா? ஓதம் அடித்த பிறகு நீங்கள் அனுப்பிய செய்தி. 'சார், சனிக்கிழமை காலை ஆளோடு வருகிறேன், தளத்தில் தண்ணீர் தேக்கி டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம். தளத்தில் கசிவு இருந்தால் என் செலவில் சரிசெய்து தருகிறேன்' என்று அனுப்பியிருந்து, அவர் 'நீங்க இனி வரவே வேண்டாம்' என்று பதில் போட்டிருந்தால், வழக்கின் முகமே மாறும். குறை இருந்தால் சரிசெய்யத் தயாராக இருந்தவர் என்பதை அது காட்டும். அப்படி ஒரு செய்தி இதுவரை அனுப்பவில்லையா? இப்போதும் தாமதமில்லை. தளத்தைச் சோதித்துப் பார்க்க அனுமதி தரும்படி பதில் மனுவிலேயே கேட்கலாம். நேரில் பார்த்து அறிக்கை தர ஒரு அட்வகேட் கமிஷனரை, தேவைப்பட்டால் ஒரு பொறியாளரின் உதவியோடு, நியமிக்கச் சொல்லித் தனி மனுவும் போடலாம். தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது என்பது வாய்ச் சண்டையில் தீராது. அதைச் சோதித்துச் சொல்ல ஒருவர் வருவது, வேலையை நேர்மையாகச் செய்தவருக்கு லாபம்தான்.

சேவையில் குறைபாடு இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது. உச்ச நீதிமன்றமும் இதைச் சொல்லியிருக்கிறது. ஆனால் அதை நம்பிச் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. அவர் ஓதம் அடித்த சுவரின் கலர் போட்டோ பத்து வைத்திருப்பார். உங்கள் பக்கம் ஆதாரம் எதுவும் இல்லை என்றால் அந்தப் பத்துப் படமும் பேசும்.

ஒரு பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். பில் கொடுத்தீர்களா? வீட்டு வேலை எடுப்பவர்களில் பலர் 'ஜிஎஸ்டி இல்லாம பண்ணிக்கலாம் சார்' என்று சொல்லி ஒரு துண்டுச்சீட்டோடு முடித்துவிடுவார்கள். செய்த சேவைக்கு பில்லோ ரசீதோ தராததையே இந்தச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்று வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே வேலை சரியாக இருந்தாலும் இந்த ஒரு காரணத்துக்காக ஆணையத்திடம் குட்டு வாங்க நேரலாம். இந்த வழக்குக்கு பில்லைப் பழைய தேதி போட்டுத் தயாரிக்கும் யோசனையை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சிவில் விவகாரமாக இருப்பது பொய்யாவணக் குற்றமாக மாறிவிடும். அடுத்த வேலையிலிருந்து பில் போடுங்கள்.

சட்டப்படியான தடைகளும் சில உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும், தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். இலவசமாகச் செய்த சேவைக்கு இங்கே வழக்கு இல்லை. வாடிக்கையாளர் தன் வியாபாரத்துக்காக அந்தச் சேவையை வாங்கியிருந்தால் அவர் நுகர்வோரே அல்ல என்று வாதிடலாம். வீட்டு மாடிக்கு இது பொருந்தாது, வாடகைக்கு விடும் லாட்ஜின் மாடிக்குப் பொருந்தலாம். இவற்றில் ஏதாவது உங்களுக்குப் பொருந்தினால் பதில் மனுவின் தொடக்கத்திலேயே எழுதுங்கள். பொருந்தாததை எல்லாம் வரிசையாக அடுக்கினால் நல்ல வாதமும் அதில் மூழ்கிவிடும்.

அந்த 8,000 பாக்கி? அதை இந்த ஆணையத்தில் எதிர்க்கோரிக்கையாகக் கேட்டு வாங்க முடியாது. வசூலிக்க சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஆனால் பாக்கி இருக்கிறது என்பதைப் பதிலில் எழுதுங்கள். ஏதாவது தொகையைத் திருப்பித் தரச் சொல்லும்போது ஆணையம் எவ்வளவு உண்மையில் கைமாறியது என்று பார்க்கும்.

பேசி முடிப்பது

பேசி முடிப்பதைத் தோல்வி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். என் கருத்து வேறு. 68,000 ரூபாய் வேலைக்காக மாதக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்து, ஒவ்வொரு முறையும் ஒருநாள் வேலையை இழப்பதை விட, கைப்பிடிச் சுவரின் வெடிப்பைப் பொருள் செலவுக்கு மட்டும் அடைத்துக் கொடுத்து முடித்துக்கொள்வது பல நேரம் இரண்டு பேருக்கும் நல்லது. வீட்டுக்காரருக்கும் வேண்டியது ஒழுகாத கூரைதானே.

சட்டமே இதற்கு வழி வைத்திருக்கிறது. சமரசத்துக்கு வாய்ப்பிருப்பதாக ஆணையத்துக்குத் தோன்றினால், இரு தரப்பும் ஐந்து நாளுக்குள் எழுத்தில் சம்மதம் தரும்படி சொல்லி, மத்தியஸ்தத்துக்கு அனுப்பலாம். நீங்களே கேட்கவும் செய்யலாம். மத்தியஸ்தத்தில் பேசியது வெளியே போகாது, ஒத்துவராவிட்டால் வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒன்றே ஒன்று: பேச்சு நடக்கிறது என்பதற்காக 45 நாள் கணக்கை விட்டுவிடாதீர்கள். ஒரு கையால் பேசிக்கொண்டே இன்னொரு கையால் பதிலைத் தாக்கல் செய்யுங்கள். வெளியிலேயே பேசி முடித்திருந்தாலும், இருவரும் கையெழுத்திட்ட சமரச மனுவை ஆணையத்தில் கொடுத்து, வழக்கு முடிந்ததாகப் பதிவாகும் வரை ஆஜராவதை நிறுத்தாதீர்கள். பணத்தை வாங்கிக்கொண்டு 'கேஸை நான் பாத்துக்கிறேன்' என்று அவர் சொன்னதை நம்பி வீட்டில் இருந்துவிட்டால், உங்கள் பெயரில் உத்தரவும் வந்து நிற்கலாம்.

விசாரணை எப்படி நடக்கும்

சினிமாவில் வருவது போலக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது இங்கே வழக்கமில்லை. பெரும்பாலும் பிரமாணப் பத்திரமும் ஆவணங்களும்தான். அவர் தன் சாட்சியத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுப்பார், நீங்கள் உங்களுடையதைக் கொடுப்பீர்கள். தமிழ்நாட்டில் அவருடைய ஆவணங்கள் ஏ வரிசையிலும் உங்களுடையவை பி வரிசையிலும் எண்ணிடப்படும். அப்புறம் வாதம். காணொலி வழியாக ஆஜராகவும் சட்டத்தில் இடமுண்டு. நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்தில், பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் நீளும்.

வக்கீல் வைக்கலாம், நீங்களே நடத்தவும் செய்யலாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். நானாக இருந்தால் ஆஜராவதற்கு வக்கீல் வைக்க வசதியில்லாவிட்டாலும், பதில் மனுவை மட்டுமாவது ஒரு வக்கீலிடம் காட்டித் திருத்தி வாங்குவேன். வழக்கு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

உத்தரவு பாதகமாக வந்தால் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். அது சென்னையில் இருக்கிறது, மதுரையில் அதன் கிளை அமர்வு உண்டு. கட்டச் சொன்ன தொகையில் பாதியை முதலில் செலுத்தினால்தான் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்வார்கள். மேல்முறையீடும் செய்யாமல், பணமும் கட்டாமல் இருந்தால்தான் விவகாரம் வேறு மாதிரி ஆகும். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையோ, 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. கட்டுவது என்று முடிவெடுத்தால் டிடியாகவோ வங்கி வழியாகவோ கட்டி, அதன் ரசீதை ஒரு குறிப்போடு ஆணையத்தில் தாக்கல் செய்து, வழக்கு எண் போட்ட ஒப்புதல் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.